நடந்து போகிறவர் மீது வண்டி மோதினால்: அடி பெரிதாவதும் சிறிதாவதும் எதனால்?



குடும்ப நலம் என்று சொன்னவுடன் தடுப்பூசி, பிரசவம், கருத்தடை, சத்துணவு இவைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் சம்பாதிக்கிற ஒருவரோ, பள்ளிக்குப் போகிற ஒரு பிள்ளையோ சாலையில் அடிபட்டுப் படுத்துவிட்டால், அந்தக் குடும்பத்தின் நலம் அன்றைக்கே குலைந்துபோகிறது. நிலத்தை விற்க வேண்டி வருகிறது. மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறாள். ஆகவே இதுவும் குடும்ப நலத்தில் சேர்ந்த பாடமே.

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டில் ஒரு குடைவரைக் கோயில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் மும்மூர்த்திகளுக்காகப் பாறையையே குடைந்து அதை அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. 1,300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அது அசையாமல் நிற்கிறது. நம் உடம்பு அப்படிக் கல்லில் செய்ததல்ல. எலும்பு முறியும், ரத்தக்குழாய் அறுபடும், மூளை குலுங்கும். அந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் நாம் லாரியும் பேருந்தும் ஓடுகிற சாலையின் ஓரத்தில் நடக்கிறோம்.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் சாலையில் இறந்தவர்கள் 17,884 பேர். காரில் போகிறவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவர் தலைக்கவசமாவது போட்டுக்கொள்ளலாம். நடந்து போகிறவருக்கு வேட்டியும் புடவையும்தான் கவசம்.

ஒருவர் மீது வண்டி மோதுகிறது, முழங்காலில் சிராய்ப்போடு எழுந்து போய்விடுகிறார். இன்னொருவர் மீதும் மோதுகிறது, அவர் எழுந்திருக்கவே இல்லை. “எல்லாம் அவன் தலையெழுத்து” என்று சொல்லிவிடுகிறோம். தலையெழுத்து என்று விட்டுவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. உண்மையில் அடி எவ்வளவு பலமாக இருக்கும் என்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் பல நம் கையில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. வேகம்

எல்லாவற்றிலும் பெரிய காரணம் வேகம். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் பலம் ஒன்பது மடங்கு.

இதைப் புரிந்துகொள்ள ஓர் உவமை. மணிக்கு 30 கி.மீ. என்பது, சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒருவர் தரையைத் தொடும்போது அடைகிற வேகம். அதாவது ஓட்டு வீட்டின் கூரையிலிருந்து விழுவது போல. 50 கி.மீ. என்றால் சுமார் 10 மீட்டர், மூன்று மாடி உயரம். 80 கி.மீ. என்றால் 25 மீட்டர். நெடிது வளர்ந்த பனைமரத்தின் உச்சியிலிருந்து விழுவது. கூரையிலிருந்து விழுந்தவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார். பனையிலிருந்து விழுந்தவர் கதை நமக்குத் தெரியும்.

காரின் முன்பக்கம் 50 கி.மீ. வேகத்தில் மோதுவதைவிட 65 கி.மீ. வேகத்தில் மோதினால், நடந்து போகிறவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்கு ஆகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வெறும் 15 கி.மீ. வித்தியாசம்!

“பிரேக் இருக்குதே, போட்டா நின்னுடுமே” என்று ஓட்டுகிற தம்பி சொல்லலாம். நிற்கும், ஆனால் எங்கே நிற்கும்? ஆபத்தைக் கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்கவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடியில் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். காய்ந்த தார்ச்சாலை, நல்ல பிரேக், விழிப்பான ஆள் என்று வைத்துக்கொண்டாலும், 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க சுமார் 13 மீட்டர் வேண்டும். 50 கி.மீ. என்றால் 28 மீட்டர். 80 கி.மீ. என்றால் 58 மீட்டர். மழையில் இன்னும் அதிகம். சாலையில் நெல்லோ கம்போ காயவைத்திருந்தால் சக்கரம் வழுக்கும், அங்கே இந்தக் கணக்கும் நிற்காது.

இப்போது 20 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

30 கி.மீ. வேகத்தில் வந்தவர்: குழந்தைக்கு ஆறேழு மீட்டர் முன்பே நின்றுவிடுகிறார். திட்டிவிட்டுப் போகிறார். அவ்வளவுதான்.

50 கி.மீ. வேகத்தில் வந்தவர்: பிரேக் பிடித்தும் கிட்டத்தட்ட 38 கி.மீ. வேகத்தில் குழந்தை மீது மோதுகிறார்.

80 கி.மீ. வேகத்தில் வந்தவர்: கால் பிரேக்கைத் தொடும் முன்பே குழந்தை இருந்த இடத்தைக் கடந்துவிடுகிறார். மோதும்போது வேகம் அதே 80.

குழந்தை ஒன்றே, சாலை ஒன்றே. முடிவு மட்டும் மூன்று விதம். ஊருக்குள் 30 என்று சொல்வது இதனால்தான்.

2. மோதும் வண்டியின் முகம்

கார் மோதும்போது முதலில் அதன் முன் பம்பர், வளர்ந்தவரின் முழங்காலையோ கீழ்க்காலையோ தாக்கும். உடம்பு மடங்கி முன்மூடியின் மேல் சாயும். தலை கண்ணாடியிலோ அதன் ஓரத்துக் கம்பியிலோ இடிக்கும். பிறகு ஆள் தரையில் விழுவார். ஆக ஒரே விபத்தில் மூன்று அடி: காலில் ஒன்று, தலையில் ஒன்று, தரையில் ஒன்று.

பேருந்து, லாரி ஆகியவற்றின் முகம் சுவர் போலச் செங்குத்தாக இருக்கும். மேலே சாய இடமில்லை. நெஞ்சும் தலையும் ஒரே நேரத்தில் அடி வாங்கும். ஆள் முன்னால் தள்ளப்பட்டு விழுவார், சக்கரம் ஏறும் அபாயம் அதிகம். அதனால் குறைந்த வேகத்தில் வந்தாலும் இவை கொடிய காயம் உண்டாக்கும்.

மோட்டார் சைக்கிள் எடை குறைவு என்பதால் அலட்சியம் வேண்டாம். அதன் கைப்பிடி வயிற்றில் குத்தினால் கல்லீரலும் மண்ணீரலும் கிழியக்கூடும். வெளியே தடம்கூடத் தெரியாது. ஓட்டியவரும் கீழே விழுவார்.

சிலர் அழகுக்காகக் காரின் முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டுகிறார்கள். காரின் முன்பக்கம் சற்று நசுங்கிக் கொடுத்தால்தான் மோதப்பட்டவருக்கு அடி குறையும். கம்பி நசுங்குவதில்லை, எலும்புதான் நசுங்கும். இப்படிக் கம்பி மாட்டுவது சட்டத்துக்குப் புறம்பானது, மாட்டியவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. உங்கள் வண்டியில் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டுங்கள். தோகை அதை மறைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

3. அடி விழும் இடம்

கால் முறிந்தவர் ஆறு மாதத்தில் நடக்கிறார். தலையில் பலமாக அடிபட்டவர் பிழைத்தாலும் பேச்சு, நினைவு, கோபதாபம் எல்லாம் மாறிப்போகலாம். நடந்து போகிறவர்களின் உயிரை அதிகம் பறிப்பது தலைக்காயமே.

1896 ஆகஸ்டு 17 அன்று லண்டனில், கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில், பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்ற பெண்மணி மோட்டார் கார் மோதி இறந்தார். பிரிட்டனில் நடந்து போகும்போது கார் மோதி இறந்த முதல் ஆள் அவர். தான் வந்த வேகம் மணிக்கு 4 மைல்தான் என்றார் ஓட்டியவர். அது நாம் நடக்கிற வேகத்தைவிடச் சற்றுதான் அதிகம். அடி தலையில் பட்டது, உயிர் போயிற்று. “மெதுவாத்தான் இடிச்சுது” என்று யார் சொன்னாலும், தலையில் அடியா என்று முதலில் கேளுங்கள்.

4. யார் மீது மோதியது

குழந்தைகள்: வளர்ந்தவருக்கு முழங்காலில் படுகிற பம்பர், ஐந்து வயதுப் பிள்ளைக்கு இடுப்பிலும் வயிற்றிலும் படும். உயரமான வண்டியானால் நெஞ்சிலும் தலையிலுமே படும். பிள்ளை முன்மூடி மேல் சாயாமல் சக்கரத்தின் பக்கம் விழும். வண்டி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணக்கிடும் பக்குவமும் சிறு பிள்ளைகளுக்கு இல்லை. பேருந்திலிருந்து இறங்கியதும் அதன் முன்னால் புகுந்து ஓடுவது மிகவும் ஆபத்து. பேருந்து போன பிறகு, இரு பக்கமும் பார்த்துக் கடக்கப் பழக்குங்கள்.

முதியவர்கள்: எலும்பு மெலிந்திருக்கும். இளைஞனுக்குக் கன்றிப்போகிற அடியில் தாத்தாவுக்கு இடுப்பு முறியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது இன்னும் அதிகம். இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், சிறு அடியிலும் மூளைக்குள் ரத்தம் மெல்ல மெல்லக் கசியும். அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கர்ப்பிணிகள்: தாய்க்கு ஒரு கீறலும் இல்லாவிட்டாலும் வயிற்றில் பட்ட அதிர்ச்சியில் நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரியக்கூடும். வயிற்று வலி, வயிறு கல் போல இறுகுதல், ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், குழந்தை அசைவு குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆபத்து. இவை எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். கொண்டுபோகும்போது இடதுபுறமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். ரத்த வகை நெகடிவ் ஆக இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்குத் தனி ஊசி உண்டு.

குடித்திருப்பவர்: போதையில் சாலையில் நடப்பவர் வண்டியைக் கவனிப்பதில்லை, விலகுவதுமில்லை. அடிபட்ட பிறகும் போதையே எதிரி. மயங்கிக் கிடந்தால் “குடிச்சிட்டுக் கெடக்கிறான், தெளிஞ்சதும் எழுந்திருப்பான்” என்று விட்டுவிடுகிறார்கள். அது மூளையில் ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். விபத்தில் சிக்கியவர் மயங்கிக் கிடந்தால், குடித்திருந்தாலும் அவர் நோயாளியே.

5. இருட்டு

தாழ்த்திய முன்விளக்கின் வெளிச்சம் சுமார் 40 மீட்டர் வரைதான் நன்றாகத் தெரியும். 80 கி.மீ. வேகத்தில் வருகிறவர் நிற்க 58 மீட்டர் வேண்டும் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் அவர் உங்களைப் பார்த்த பிறகும் நிறுத்த முடியாது. கறுப்புப் போர்வையும் கருநீலப் புடவையுமாக நடந்தால் அந்த 40 மீட்டரிலும் தெரியமாட்டீர்கள். பகலில் பிரேக் பிடித்து வேகம் குறைந்த பிறகு மோதுகிற வண்டி, இரவில் முழு வேகத்தில் மோதுவதற்கு இதுவே காரணம்.

அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கும், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக் கிரிவலத்துக்கும் இரவில் நடந்து போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக நம் சாலைகளில் வருகிறார்கள். அமாவாசை இரவில் நிலவும் துணைக்கு வராது. வெள்ளைத் துண்டு தோளில் கிடக்கட்டும். பையின் மேல் ஒளிப்பட்டை ஒட்டுங்கள். கூட்டத்தில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் கையில் டார்ச் விளக்கு பிடிக்கட்டும். நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக நடவுங்கள். எதிரே வரும் வண்டியை நீங்களே பார்த்து விலகலாம்.

6. மோதிய பிறகு

விபத்து நடந்துவிட்டது. இனி அடி பெரிதாவதும் சிறிதாவதும் சுற்றி நிற்கிறவர்கள் கையில். முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம்.

உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இந்தச் சேவை இருக்கிறது. இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள்: எந்தச் சாலை, எந்த ஊர், பக்கத்தில் கோயிலா, பள்ளியா, பெட்ரோல் பங்க்கா.

ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். எட்டி எட்டிப் பார்க்காமல் அழுத்திக்கொண்டே இருங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், மண் எதையும் காயத்தில் போடாதீர்கள்.

கையையும் காலையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்காதீர்கள். கழுத்து எலும்பு நகர்ந்தால் கை கால் ஆயுளுக்கும் விளங்காமல் போகும். அவர் கிடக்கும் இடத்தில் வண்டி ஏறும் ஆபத்தோ தீயோ இருந்தாலொழிய நகர்த்த வேண்டாம். நகர்த்தத்தான் வேண்டும் என்றால் தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேராக இருக்கும்படி நாலு பேர் சேர்ந்து நகர்த்துங்கள்.

மயக்கத்தில் இருப்பவர் வாந்தி எடுத்தால், கழுத்து திருகாமல் உடம்பு முழுவதையும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சோடா, தண்ணீர், காப்பி கொடுக்கக் கூடாது. மூச்சுக்குழலில் போய் அடைக்கும். அறுவை சிகிச்சைக்கும் தடையாகும்.

7. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“சார், ஆயாவுக்கு வெளிக்காயமே இல்ல. நல்லாத்தான் பேசுறாங்க. வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடலாமா?”

கூடாது. தலையில் அடிபட்டவர் சில மணி நேரம் நன்றாகப் பேசிவிட்டுப் பிறகு மயங்குவது உண்டு. ஒருமுறை மருத்துவர் பார்க்கட்டும். அவர் அனுப்பிய பிறகும் ஒருநாள் முழுக்கக் கூட ஆள் இருந்து கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, தாளாத தலைவலி, எழுப்பியும் எழாத தூக்கம், காது மூக்கில் ரத்தமோ நீரோ ஒழுகுதல், ஒரு பக்கம் கை கால் தளர்தல், வலிப்பு இவற்றில் எது வந்தாலும் உடனே திரும்பக் கொண்டுபோங்கள்.

“உதவப் போனா போலீஸ், கோர்ட்டுன்னு இழுப்பாங்களே?”

இழுக்க முடியாது. உதவியவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவாகவே அது சேர்க்கப்பட்டது. பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமலே போகலாம்.

“போலீஸ் கேஸ் எழுதினப்புறந்தான் ஆஸ்பத்திரியில பார்ப்பாங்களாமே?”

அப்படியில்லை. முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், காகிதம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இது பொருந்தும்.

“செலவுக்கு எங்கே போறது?”

பணம் புரட்டப் போய் நேரத்தை இழக்காதீர்கள். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிப்பதே அதன் நோக்கம். நம் மாவட்டத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

“மோதின வண்டி நிக்காமப் போயிடுச்சு. நம்பர் தெரியல. நஷ்ட ஈடு கிடைக்குமா?”

2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசுத் திட்டத்தில், இப்படிப்பட்ட விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பம் கொடுங்கள்.

8. இன்றே வீட்டில் செய்யுங்கள்

• பிள்ளையைக் கைப்பிடித்து நடக்கும்போது வண்டி போகும் பக்கம் நீங்கள் இருங்கள், ஓரத்தில் பிள்ளை இருக்கட்டும்.
• ஆயா, தாத்தாவின் மருந்துச் சீட்டு, ரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதிச் சுருக்குப்பையில் போட்டுக் கொடுங்கள்.
• மாலையில் கடைக்கோ பால் சொசைட்டிக்கோ போகிறவர் வெளிர் நிற உடை உடுத்தட்டும்.
• தானியத்தைச் சாலையில் காயவைக்காமல் களத்தில் காயவையுங்கள். ஓரம் அடைபட்டால் நடப்பவர் நடுச்சாலைக்கு வரவேண்டியிருக்கும்.
• பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம் உள்ள இடத்தில் வேகத்தடையோ விளக்கோ இல்லையென்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள், தீர்மானமாக எழுத வையுங்கள்.
• வீட்டில் வண்டி ஓட்டுகிறவரிடம் சொல்லுங்கள்: “சீக்கிரம் வா”ன்னு சொல்லாமல், “மெதுவா வா, சோறு ஆறினாலும் பரவாயில்ல”ன்னு சொல்லுங்கள்.

நினைவில் வையுங்கள்: வேகம் பாதியானால் அடி கால் பங்கு.

படித்து முடித்ததும் இந்தத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். எழுத்துத் தெரியாத பக்கத்து வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.